எடுக்கட்டுமா

செங்கல்பட்டு
11 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஸ்டான்லியின் தோத்திரம். இங்கே நானும் ஜாய்ஸும் நலம். ஷாரோன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வாரம் இரண்டு முறை பேசுகிறாள். அம்மா மாமல்லபுரத்தில் சித்தி வீட்டோடுதான். ஐந்து ரதம் வாசலில் வெள்ளரிக்காயும் மாங்காய்ப் பத்தையும் விற்கிறாள், உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

சொல்ல வேண்டிய செய்தி ஒன்று. ஷாரோன் காலேஜ் படிப்புக்கு வாங்கிய கேமராவை பீரோவிலேயே விட்டுப் போய்விட்டாள். கம்பெனியில் எனக்கு இப்போது புதன்கிழமை வார லீவு. ஜாய்ஸ் வேலைக்குப் போனபின் வீட்டில் ஒண்டியாக இருந்து என்ன செய்வது? கேமராவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். எதை எடுப்பது என்று ஷாரோனிடம் போனில் கேட்டேன். "தெருவுல கண்ணுல படறத எடுப்பா. யாரையும் நிக்க வெக்காத. ஜூம் பண்ணாத, நடந்து கிட்ட போ" என்றாள்.

கிட்டப் போவதுதான் முடியவில்லை. முதல் வாரம் எடுத்ததெல்லாம் முதுகு. முகத்துக்கு நேரே கேமராவைத் தூக்கினால், "எந்த சேனலு சார்?" என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு ஓரம் வசுமதி என்று ஒரு அம்மா கீரை விற்கிறார். மரியாதையாகக் கேட்டுவிடுவோம் என்று, "எடுத்துக்கட்டுமா?" என்றேன்.

"எத்த எடுக்கப் போற? இப்பத்தான் கடயப் போட்டேன். போன வாரந்தான் ஆபீஸ்காரங்க வந்து எடுத்துனு போனாங்க."

"கடய இல்லமா, போட்டோ."

"அவங்களும் மொதல்ல போட்டோதான் எடுத்தாங்க."

கடைசியில் கீரைக் கட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ள விட்டார். அதையும் சேர்த்து நான்கு படங்கள் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். உன் பெட்டியில் இடம் இருந்தால் வைத்துக்கொள்.

எல்லோருக்கும் ஜெபிக்கவும்.
ஸ்டான்லி

*

மடம், ஏற்காடு அடிவாரம்
2 ஜூலை 2023

அன்புத் தம்பிக்கு,

இறைவனின் சமாதானம் உன்னோடும் ஜாய்ஸோடும் இருப்பதாக. முட்டிவலி குளிருக்கு வரும், வெயிலுக்குப் போகும். மற்றபடி நலம். உன் ரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே.

படங்களை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாச் சகோதரிகளும் பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டு கூரை மாறிவிட்டது. ஆனால் அந்த நாலாவது படத்தில் பஸ்ஸுக்குள் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறானே ஒருவன், அது மாறவில்லை. கருங்குழி பஸ்ஸில் அப்பா அப்படித்தான் துண்டு போடுவார். ஒரு முறை துண்டு மட்டும் மதுராந்தகம் போய்விட்டது, நாம் கீழே நின்றோம். நினைவிருக்கிறதா?

தம்பி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். எனக்கு அம்மாவின் முகம் நினைவில் இல்லை. குரல் இருக்கிறது. கொண்டை முடியும் விதம், பாதத்துச் சேறு, எல்லாம் இருக்கிறது. அம்மா நடவு நட்ட காலத்தில் நாம் வரப்பில் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் குனிந்த முதுகுதானே. வாத்தியார் வேலைக்கு ஆர்டர் கையில் வந்த பிறகும் நான் மடத்துக்குப் போகிறேன் என்றபோது, அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருபத்து நான்கு வருஷமாக இங்கே வரவில்லை. அது அவளுடைய நியாயம். நம் குடும்பத்தில் முதல் சம்பளக்காரியாக ஆகவேண்டியவள் நான். அதற்காகத்தான் அவள் குனிந்தாள்.

எங்கள் சபை விதிப்படி மடத்தை விட்டு நான் வெளியே வர முடியாது என்பது உனக்குத் தெரியும். அம்மாவின் முகத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. மதரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

அன்புடன் ஜெபிக்கும்,
அக்கா ஜெசிந்தா

*

செங்கல்பட்டு
30 ஜூலை 2023

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும். ஜாய்ஸ் உனக்காகப் பின்னிய கம்பளிக் காலுறையைத் தனியே அனுப்பியிருக்கிறாள்.

போன புதன்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனேன். அம்மா தட்டில் வெள்ளரிக்காய் கீறி மிளகாய்த்தூள் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இளநீர் வண்டி பூபாலன். எனக்கு வசுமதியம்மா விஷயத்தில் வந்த புத்தி அங்கே வரவில்லை. "அம்மா, உன்ன ஒண்ணு எடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "எத்தினி மணிக்கு?"

பூபாலன் பிடித்துக்கொண்டான். "ஆயா, ஃபாதருக்குச் சொல்லி அனுப்பிட்டியா? பறைக்கு நான் ஏற்பாடு பண்ணிடறேன்."

உனக்கு மறந்திருக்காது. சாவு வீட்டில்தானே "எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்" என்று கேட்போம். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து அம்மா எதிரில் மண்டியிட்டு ஏழெட்டுப் படம் எடுத்தாள். அம்மா அசையவில்லை. காசு வாங்கிக்கொண்டு வெள்ளரிக்காய் கொடுத்தாள்.

"அவங்க எடுத்தா மட்டும் இன்னா?" என்றேன்.

"அவங்க கடலத் தாண்டி எடுத்துனு பூடுவாங்க. நீ வூட்ல ஆணி அடிச்சி மாட்டுவ. உங்கப்பன மாட்டல? தனியா மூஞ்சிய பெருசு பண்ணி, செவப்பு பல்பு போட்டு?"

"மாட்ட இல்லமா. அக்காவுக்கு."

அதன்பின் ரொம்ப நேரம் வியாபாரம் மட்டும்தான். கிளம்பும்போது சொன்னாள்: "மூஞ்சி வேணும்னா மூஞ்சி கீற எடத்துக்கு வரணும்."

"அக்கா வெளிய வர முடியாதுமா."

"அப்ப வாணாம்."

நினைத்துப் பார்த்தேன், அக்கா. உலகத்தில் எத்தனை ஊரில் யார் யார் போனிலோ அம்மாவின் முகம் இருக்கிறது. உன்னிடம் இல்லை.

ஸ்டான்லி

*

மடம்
20 ஆகஸ்ட் 2023

அன்புத் தம்பிக்கு,

சமாதானம். காலுறை சரியாக இருக்கிறது, ஜாய்ஸுக்கு என் நன்றி. அவள் இருமல் நின்றதா?

உன் கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில் வாசித்தேன். "எத்தினி மணிக்கு" என்ற இடத்தில், எழுபது வயது ரெஜினா சகோதரி சிரித்ததில் மோர் சிந்திவிட்டது. அம்மா குரல் அப்படியே காதில் விழுந்தது. அந்த அளவுக்கு எழுதியிருக்கிறாய். அதற்கு மேல் அம்மாவைத் தொந்தரவு செய்யாதே. நேரம் கிடைத்தால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு மாங்காய் கீறிக் கொடு.

ஆனாலும் இன்னொரு முறை கேட்டுப் பார்.

அக்கா

*

செங்கல்பட்டு
29 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். இரண்டு மாதமாக எழுதவில்லை, மன்னித்துக்கொள். நைட் ஷிஃப்ட் மாற்றிப் போட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முட்டிக்கு நாங்கள் அனுப்பிய தைலம் கேட்டதா?

இந்த வேலை கொஞ்சம் பிடிபடுகிறது. தெருவில் நடந்துகொண்டே எடுத்தால் ஒன்றும் கிடைப்பதில்லை. நல்ல வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நின்றுவிட வேண்டும். கொஞ்ச நேரம் எல்லோரும் நம்மைப் பார்ப்பார்கள். பிறகு மறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் படம். ராட்டினங்கிணறு சிக்னலில் அப்படி ஒரு நாள் நின்றேன். சிங்கப்பெருமாள் கோயிலில் கம்பெனி பஸ்ஸுக்காகச் சாப்பாட்டுப் பையோடு நிற்கும் பிள்ளைகளை எடுத்தேன். இருபது வருஷம் நானும் அந்த இடத்தில்தான் நின்றேன். விடிகிற வெளிச்சத்தில் அந்த இடம் இவ்வளவு அழகு என்று அப்போது தெரியாது. பக்கத்தில் நின்றவன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்னொரு முறை அம்மாவைக் கேட்டேன். காதில் வாங்கவில்லை. அதனால் போன வாரம் சொல்லாமல் போனேன். ஷாரோன் வேண்டாம் என்ற ஜூம் லென்ஸை மாட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கம் நின்ற டூரிஸ்ட் வேன்களுக்குப் பின்னால் நின்றேன். மத்தியானம் கூட்டம் ஓய்ந்தது. அம்மா முக்காட்டை இறக்கிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிடைத்துவிட்டது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான்.

தனிக் கவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். எப்படி எடுத்தேன் என்று அம்மாவுக்கு நீ எதுவும் எழுத வேண்டாம்.

ஸ்டான்லி

*

மடம்
12 நவம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

சமாதானம். நலமாக இருக்கிறேன், தைலமும் கேட்கிறது. மழை நாளில் பைக்கில் போகும்போது கவனம்.

கவரைத் திருப்பி அனுப்புகிறேன். கோபிக்காதே.

திறந்தேன். படம் பக்கவாட்டில் செருகியிருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். முதலில் புடவைக் கரை. அப்புறம் கழுத்து. அப்புறம் காது; ஓட்டை இழுத்துப் போய், தோடு இல்லாமல். அங்கேயே நிறுத்தி உள்ளே தள்ளிவிட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை.

இங்கே எங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் கம்பித் தடுப்பு இருக்கிறது, அதற்குமேல் ஒரு திரை. திரையை உள்ளிருந்து நாங்கள்தான் விலக்க வேண்டும். வெளியே நிற்பவர்கள் விலக்க முடியாது. இதில் பழகியவள் நான். அம்மா தன் முகத்தை எனக்குத் தரமாட்டேன் என்று இத்தனை வருஷம் இருக்கிறாள். வேனுக்குப் பின்னால் நின்று நான் அதை வாங்கக் கூடாது. கேட்டது என் தப்பில்லை. இப்படி வருமென்றால் வேண்டாம்.

டிசம்பர் பிறந்ததும் திருவருகைக் காலம். கிறிஸ்துமஸ் வரை கடிதம் கிடையாது. பண்டிகைக்கு இப்போதே வாழ்த்துகள்.

அக்கா

*

செங்கல்பட்டு
24 நவம்பர் 2023

அக்காவுக்கு,

தோத்திரம். எல்லோரும் சுகம்.

கவர் வந்து சேர்ந்தது. கேட்டதும் நீ. எடுத்த பிறகு வேண்டாம் என்பதும் நீ. வேனுக்குப் பின்னால் வெயிலில் அரை நாள் நின்றவன் நான். கேமராவைப் பீரோவில் வைத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ஸ்டான்லி

*

செங்கல்பட்டு
7 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். புது வருஷம் உனக்கும் மடத்தில் எல்லோருக்கும் நல்லபடியாக இருக்கட்டும். டிசம்பர் மழையில் நம் தெருவில் முழங்கால் தண்ணீர். வீட்டுக்குள் வரவில்லை. ஷாரோன் வந்து போனாள். போன கடிதம் கோபத்தில் எழுதியது, கிழித்துப் போட்டுவிடு.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அம்மாவுக்குப் புடவை கொடுக்கப் போனேன். அந்தக் கவரை என்ன செய்வதென்று தெரியாமல் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். அவளுடைய முகம், அவளிடமே கொடுத்துவிடுவோம் என்று நீட்டினேன்.

படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "யாருடா இது, எங்கம்மா மாரி கீது?" என்றாள். அப்புறம் புரிந்துகொண்டாள். "எப்ப எடுத்த? எங்க ஒளிஞ்சினு இருந்த? பெத்தவகிட்டயே திருட்டு வேலையா?" இளநீர் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூபாலன், "அண்ணாத்த, நவுந்துக்கோ, கத்தி கையில கீது" என்றான்.

"அக்காவுக்கு அனுப்பினேன்மா. திருப்பி அனுப்பிட்டா. உனக்குத் தெரியாம எடுத்தது வாணாமாம்."

"இன்னாது, திருப்பி அனுப்பிட்டாளா?"

"காதோட நிறுத்திட்டாளாம். மூஞ்சியப் பாக்கல."

ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் மொய்த்தார்கள். அம்மா எல்லோருக்கும் கீறிக் கொடுத்து முடித்துவிட்டுத் தட்டைத் துடைத்தாள். "நான் வாணாம்னா இத்தினி வருஷம் வாணாம்னேன். அவளும் வாணாம்னா வாணாம்ன்றா பாரு" என்று பூபாலனிடம் சொன்னாள், சிரித்துக்கொண்டு. அக்கா, உன்னைப் பற்றிப் பேசும்போது அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். பஸ் நகரும்போது ஜன்னல் பக்கம் வந்து, "அந்த ஊருக்கு நேர் பஸ் கீதா, மாறிப் போணுமா?" என்றாள்.

ஸ்டான்லி

*

மடம்
26 ஜனவரி 2024

அன்புத் தம்பிக்கு,

சமாதானம். இங்கே அனைவரும் நலம். உன் மாத்திரை, ஜாய்ஸின் இருமல், இரண்டையும் எழுது.

சேலத்தில் இறங்கி ஏற்காடு ரோட்டில் வரும் டவுன் பஸ்ஸில் ஏற வேண்டும். பிப்ரவரி நடுவில் தவக்காலம் தொடங்குகிறது. அதுவரை பார்வையாளரைச் சந்திக்கும் முறை எனக்கு வராது. தவக்காலத்தில் கடிதமும் இல்லை. ஈஸ்டர் முடிந்த பிறகு எந்த நாளும் வரலாம்.

சந்திப்பு அறைக்குள் கேமரா கூடாது. உனக்கு ஏமாற்றமாக இருக்கும்.

அம்மாவை நீ அழைக்காதே. அவளாகக் கிளம்பினால் துணைக்கு வா. கிளம்பாவிட்டாலும் எனக்கு எழுது. எப்படியானாலும் ஒரு வரி எழுது.

அக்கா

*

செங்கல்பட்டு
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். பத்திரமாக வந்து சேர்ந்தோம். அம்மா நலம். கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்தது, ஜாய்ஸ் வெந்நீர் ஊற்றினாள். உனக்குக் களைப்பில்லையே?

தவக்காலம் முழுவதும் உனக்கு எழுத முடியாதது நல்லதாகப் போயிற்று. மூன்று முறை வருகிறேன் என்றாள், மூன்று முறை வரமாட்டேன் என்றாள். எழுதியிருந்தால் உனக்குத்தான் தூக்கம் கெட்டிருக்கும். ஈஸ்டர் முடிந்த வாரம் தானே போன் போட்டு, "நாளிக்கி போலாம், வேற யாருகிட்டயும் சொல்லாத" என்றாள். சித்திக்கே தெரியாது.

தனியாகத்தான் பார்ப்பேன் என்று அம்மா உள்ளே போனபிறகு நான் எதிர் டீக்கடையில் உட்கார்ந்தேன். கேமரா கையில் இருந்தது. அப்போதுதான் தோன்றியது: உன் மதிலுக்கு வெளியே இருக்கும் தெருவை இத்தனை வருஷமாக நீ பார்த்ததே இல்லை. அதை எடுத்தேன். இந்த முறை எல்லோரிடமும் கேட்டுத்தான். மதிலோரம் தையல் மெஷின் போட்டிருக்கும் காயத்ரி, "சிஸ்டருக்கா? இருங்க, தலை வாரிக்கிறேன்" என்றார். டீக்கடை, பஸ் நிறுத்தம், வெல்டிங் கடை, மதில்மேல் தூங்கும் பூனை, எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு படம். கிட்டப் போய்த்தான் எடுத்திருக்கிறேன்.

அம்மா வெளியே வந்தவள் என்னைத் தாண்டி நேராகப் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். விழுப்புரம் வந்தபோது, "இன்னாமா பேசினீங்க?" என்றேன். "பேசறதுக்கா போனோம்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவளுக்கு அந்தக் கண்ணாடி இல்லாம ஒண்ணுமே தெரிலடா" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீயாக எழுதினால் எழுது.

ஸ்டான்லி

*

மடம்
5 மே 2024

அன்புத் தம்பிக்கு,

சமாதானம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் ஜெபிக்கிறேன். அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறைக்கச் சொல். கொண்டுவந்த வெள்ளரிக்காயில் தடவியிருந்த உப்பில் ரெஜினா சகோதரிக்குத் தாகம் அடங்கவே இல்லை.

தெருப் படங்களை வரிசையாக மேசைமேல் வைத்தோம். தையல் மெஷின் சத்தத்தை நாங்கள் இத்தனை நாள் மாவு மில் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காயத்ரிக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவேண்டும், ஆனால் நாங்கள் எப்படிச் சொல்வது? நீ அடுத்த முறை சொல்.

கேட்காமல் இருந்துவிட்டாய். அதனால் சொல்கிறேன்.

மணி அடித்ததும் சந்திப்பு அறைக்குப் போய்த் திரையை விலக்கினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அம்மா. முகம் நினைவில்லை என்று உனக்கு எழுதினேன் அல்லவா? பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஜெசிந்தாவக் கொஞ்சம் கூப்புடும்மா. அவங்க அம்மா வந்துகீது" என்றாள்.

அவள் மனதில் வைத்திருந்தது இருபத்து மூன்று வயதுப் பெண்ணை.

"நான்தாம்மா" என்றேன்.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தாள். நம்பவில்லை. "அந்தக் கண்ணாடியக் கயட்டு, பாக்கலாம்" என்றாள். கழற்றினேன். அம்மா உன்னிடம் சொன்னது சரிதான், கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு ஒரு முழத்துக்கு அப்பால் எல்லாம் புகை. அத்தனை வருஷம் கழித்து எதிரே வந்த முகம் அதோடு கலைந்துபோய், புடவையின் நிறம் மட்டும் நின்றது. போட்டுக்கொள்ளக் கை துடித்தது. ஆனால் போட்டுக்கொண்டால் அம்மாவுக்கு நான் யாரோ ஒரு சகோதரி. கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு கம்பியோரம் உட்கார்ந்துவிட்டேன். நெற்றி, மூக்கு, முகவாய் என்று அம்மா மெதுவாகப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவள் மூச்சு எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்தது.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. உள்ளே ஜெப மணி அடித்து ஓய்ந்தது. நான் எழுந்து போகவில்லை. மதரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அம்மா, "சரி, போட்டுக்கோ. நீயும் பாரு" என்றாள்.

ஜாய்ஸுக்கும் ஷாரோனுக்கும் என் அன்பு.

அக்கா ஜெசிந்தா